ஆட்டிசம் உள்ள இளைஞர் வேலையில் நிலைக்க: பலத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

"வேலையெல்லாம் நல்லாத்தாங்க செய்யறான். ஆனா..."

ஆட்டிசம் உள்ள ஒரு பையனை வேலையிலிருந்து நிறுத்தும்போது முதலாளிகள் பெற்றோரிடம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். டீ நேரத்தில் யாரோடும் ஒட்டுவதில்லை. செக்‌ஷன் மாற்றியதும் அழுதுவிட்டான். கஸ்டமர் முன்னாலேயே சூப்பர்வைசரின் தப்பைச் சொல்லிவிட்டான். ஜெனரேட்டர் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறான். ‘வேலை தெரியவில்லை’ என்ற புகார் இதில் எங்குமே இல்லை. வேலையைச் சுற்றி இருக்கிற விஷயங்களில்தான் வேலை போகிறது.

அதனால்தான் வேலை வாங்கித் தருவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை என்கிறேன். அந்த இளைஞருக்கு எது நன்றாக வருகிறதோ அதை மையத்தில் வைத்து வேலையை அமைக்க வேண்டும். சுற்றியுள்ள இடறல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சேர்ந்த பிறகும் கூட நிற்க வேண்டும். இந்த வழிகாட்டி பெற்றோருக்கும், சிறப்பாசிரியர்களுக்கும், ‘நம்ம கடையில ஒருத்தரை எடுத்துக்கலாமே’ என்று நினைக்கும் சிறு நிறுவன முதலாளிகளுக்கும். தமிழ்நாட்டுச் சூழலை வைத்தே எழுதுகிறேன்.

நல்ல வசதியும் சட்டங்களும் உள்ள பிரிட்டனிலேயே, வேலை செய்யும் வயதில் இருக்கும் ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துக்குச் சுமார் மூன்று பேரே வேலையில் இருப்பதாக 2024-இல் வந்த பக்லண்ட் அறிக்கை சொல்கிறது. அதே சமயம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் வேமன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பார்க்கும் பெற்றோர் எல்லோரிடமும் சொல்வேன். பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்த ஆட்டிசம் உள்ள மாணவர்கள் 24 பேரை மருத்துவமனைகளில் உண்மையான வேலைகளில் பல மாதம் ஈடுபடுத்தி, அந்த இடத்திலேயே பயிற்சியாளர்களை வைத்து ஆதரவு கொடுத்தார்கள். 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளி ஏற்பாட்டில் விடப்பட்ட 16 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. இரண்டு குழுக்களிலும் இருந்தது ஒரே மாதிரியான பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைத்த ஆதரவில்தான் வித்தியாசம்.

படி 1: பலத்தைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்

முதலில் ஒரு எண்ணத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்: ஆட்டிசம் என்றால் கணக்கில் புலி, கம்ப்யூட்டரில் மேதை என்பது. சிலர் அப்படி இருக்கலாம். பலர் அப்படி இல்லை. ஒருவருக்கு எழுத்துப்பிழை உடனே கண்ணில் படும். இன்னொருவர் மாவை ஒவ்வொரு முறையும் அதே எடையில் உருட்டுவார். மற்றொருவருக்குப் பேச்சே வராது, ஆனால் அலமாரியில் ஒரு டப்பா இடம் மாறினாலும் தெரிந்துவிடும். பொதுவான பட்டியலை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு உங்கள் பிள்ளைக்குப் பொருத்தாதீர்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாமல் தானாகச் செய்வது எது? தவறாக இருந்தால் தாங்க முடியாமல் போய்ச் சரிசெய்வது எது? எதில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்? எதை ஒரே தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார்? பதில்களைச் செயல்களாக எழுதுங்கள். ‘நல்ல பையன்’, ‘புத்திசாலி’, ‘பொறுமைசாலி’ என்பதெல்லாம் முதலாளிக்கு எதையும் சொல்லாது. ‘துவைத்த துணியை நிறம், அளவு பார்த்துப் பிரித்து அடுக்குகிறார், சுமார் நாற்பது நிமிடம் எழுந்திருக்காமல்’ என்பது சொல்லும்.

பிடித்த விஷயங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. பஸ் என்றால் உயிர் என்றிருக்கும் ஒரு இளைஞரை எடுத்துக்கொள்வோம். பஸ் டிப்போவில் வேலை தேடு என்று எல்லோரும் சொல்வார்கள். டிப்போவில் இருப்பது டீசல் வாடை, ஹாரன் சத்தம், கூட்டம். அவருக்குப் பிடித்தது உண்மையில் எது என்று கூர்ந்து பாருங்கள். தட எண்களை வரிசைப்படுத்துகிறாரா? நேர அட்டவணையில் முரண்பாட்டைக் கண்டுபிடிக்கிறாரா? வரைபடம் போடுகிறாரா? எண்களை வரிசைப்படுத்துவதுதான் அவர் விருப்பம் என்றால், அது நூலகத்தில் புத்தக அடுக்காகவும், மருத்துவமனையில் நோயாளிக் கோப்புகளாகவும், உதிரிபாகக் கிடங்கில் பார்ட் நம்பர்களாகவும் இருக்கலாம்.

பலத்தோடு, அந்தப் பலம் எந்த நிலைமையில் வெளிப்படுகிறது என்பதையும் குறியுங்கள். காலையிலா மதியத்திலா? பக்கத்தில் எத்தனை பேர் இருக்கலாம்? டியூப்லைட் மினுக்கினால் என்ன ஆகிறது? மிக்ஸி, ட்ரில்லிங் மெஷின், பினாயில் வாடை, இறுக்கமான காலர் இவற்றில் எது தொந்தரவு? இதை எழுதாமல் விட்டால், திறமை இருந்தும் தவறான அறையில் உட்கார்ந்து தோற்றுப்போவார்.

முக்கியமாக, அவரையே கேளுங்கள். பேசுபவர் என்றால் பேச்சில். பேசாதவர் என்றால் நான்கைந்து வேலைகளின் புகைப்படங்களைக் காட்டி, பிறகு ஒவ்வொன்றையும் நேரில் செய்து பார்க்கவிட்டு, எதற்கு மறுபடி போகிறார் என்று கவனியுங்கள். அம்மாவுக்குப் பிடித்த வேலை மகனுக்குப் பிடிக்காமல் போவது எந்த வீட்டிலும் உண்டு. இங்கே அவர் அதை வாய்திறந்து சொல்லாமல் போகலாம், அவ்வளவுதான்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத் தாளில் கொண்டுவாருங்கள். மேலே பலங்கள், நடுவில் எந்த நிலைமையில் நன்றாகச் செய்வார், கீழே எப்போது உதவி தேவை, எப்படி உதவினால் போதும். இந்தத் தாள்தான் இனி வரும் எல்லாப் படிகளுக்கும் ஆதாரம்.

படி 2: வேலையைத் தேடாதீர்கள், செதுக்குங்கள்

விளம்பரத்தில் வரும் வேலை எல்லாமே பல வேலைகளின் கலவை. ‘ஸ்டோர் அசிஸ்டென்ட்’ என்றால் சரக்கு இறக்கணும், பில் சரிபார்க்கணும், போன் எடுக்கணும், கஸ்டமரைச் சமாளிக்கணும். இதில் இரண்டில் பிரமாதமாகவும் இரண்டில் சுத்தமாக முடியாமலும் இருப்பவரை ‘தகுதியில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக நிறுவனத்துக்கு நேரில் போய், அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மருந்து மொத்த விற்பனைக் கிடங்கை வைத்துச் சொல்கிறேன். அங்கே வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பேட்ச் எண், காலாவதி தேதி, எம்.ஆர்.பி. மூன்றும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென்று தனியாக ஆள் இருக்க மாட்டார். டெலிவரிக்குப் போகிற பையனோ பில் போடுகிற பெண்ணோ இடையிடையே பார்ப்பார்கள். அவசரத்தில் தவறும். காலாவதியான சரக்கு அலமாரியிலேயே தங்கி நஷ்டமாகும். அந்த ஒரு பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒருவருக்குக் கொடுத்தால், மற்ற இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம், முதலாளிக்கு நஷ்டம் குறைவு. சின்ன வித்தியாசமும் கண்ணில் படுகிற இளைஞருக்கு அது பொருத்தமான இருக்கை.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங், சைஸ் லேபிள் ஒப்பிடுதல். பேக்கரியில் எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது. கல்லூரி நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அடுக்குவது. ஆடிட்டர் அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து பெயரிடுவது. ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி வரிசைப்படுத்துவது. இப்படித் தேடினால் ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும். பெரிய நிறுவனங்களில் இந்த வழி புதிதல்ல. தோர்கில் சோன என்ற டென்மார்க்கைச் சேர்ந்த தந்தை 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களைச் சாப்ட்வேர் சோதிக்கும் வேலைக்கு எடுத்தது. எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் சாப்ட்வேர் நிறுவனம் 2013-இல் அறிவித்த ஆட்டிசம் வேலைத்திட்டத்தின் தொடக்க முயற்சி நடந்தது நம் பக்கத்து பெங்களூருவில். ஆனாலும் நம் பிள்ளைகளில் மிகப் பலருக்கு வேலை கிடைக்கப்போவது பத்து இருபது பேர் வேலை செய்யும் இடங்களில்தான். அங்கே முதலாளியிடம் நேரில் பேசலாம், அவர் சம்மதித்தால் மறுநாளே ஏற்பாட்டை மாற்றலாம். இதை நான் பெரிய அனுகூலமாகவே பார்க்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. செதுக்கும் வேலை அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே தேவையானதாக இருக்க வேண்டும். அவர் ஒருநாள் வராவிட்டால் யாராவது ‘இன்னிக்கு அவர் வரலையே’ என்று தவிக்க வேண்டும். பொழுதுபோக உருவாக்கிய வேலை முதல் ஆள்குறைப்பிலேயே போய்விடும். அடுத்தது சம்பளம். ‘சும்மா வந்து உட்காரட்டும், காசெல்லாம் எதுக்கு’ என்று வீட்டிலிருந்தே சொல்லாதீர்கள். பயிற்சிக் காலம் என்றால் அது எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: நேர்காணலுக்குப் பதில் செய்துகாட்டல்

நேர்காணல் அளப்பது கண்ணைப் பார்த்துப் பேசுவதையும், கைகுலுக்குவதையும், ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றால் கோர்வையாகச் சொல்வதையும். பேட்ச் எண் சரிபார்க்க இது எதுவும் வேண்டாம். ஸ்பெஷலிஸ்டர்னில் லெகோ ரோபோக்களைக் கட்டவைத்துத்தான் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்த்தார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘ஒரு வாரம் இந்த வேலையைச் செய்யட்டும், தவறுகளை எண்ணிப் பாருங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள்’ என்று கேட்டால் போதும். பெரும்பாலான சிறு முதலாளிகளுக்கு நேர்காணலைவிட இதுதான் புரியும்.

ஆட்டிசம் என்று சொல்லலாமா கூடாதா என்ற கேள்வி எப்போதும் வரும். முடிவு அந்த இளைஞருடையது. என் அபிப்பிராயம், உடன் வேலை செய்பவர்களுக்கு நோயின் பெயரைப் போல அதைச் சொல்வதால் பயன் குறைவு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதால்தான் பயன். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், இவருக்கு ஆட்டிசம் இருக்கு. எழுதிக் கொடுத்தா துல்லியமாச் செய்வார். ஒரே நேரத்துல ரெண்டு பேர் ரெண்டு வேலை சொன்னா திணறுவார். கண்ணைப் பார்க்காமப் பேசினா மரியாதைக் குறைவுன்னு நினைக்காதீங்க, கவனிச்சுக்கிட்டுத்தான் இருப்பார்." முதலாளிக்கும் நேரடி சூப்பர்வைசருக்கும் இது தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்வது என்பதை வேலை செய்பவரே தீர்மானிக்கட்டும்.

படி 4: முதல் நாளுக்கு முன்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்துக்கே பஸ்ஸில் போய்வரப் பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான பஸ்ஸில் பழகினால் திங்கட்கிழமைக் கூட்டம் புதிதாகத்தான் இருக்கும். பஸ் வராவிட்டால், தாண்டி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். பணியிடத்தின் வாசல், பஞ்ச் செய்யும் மெஷின், கழிவறை, சாப்பிடும் இடம், உட்காரும் நாற்காலி எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். யூனிபார்ம் இருந்தால் முன்பே வாங்கித் துவைத்துப் போட்டுப் பார்க்கட்டும். புதுத்துணியின் மொரமொரப்பிலேயே முதல் நாள் கெட்டுப்போகலாம்.

படி 5: நான்கு கேள்விகளுக்கு விடை இருக்கும்படி வேலையை அமையுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பிக்க எரிக் ஷாப்லர் உருவாக்கிய டீச் (TEACCH) முறை, 1972 முதல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாக நடந்து வருகிறது. அதில் நான் மிகவும் நம்பும் பகுதி ஒன்று உண்டு. வேலை செய்கிறவர் யாரையும் கேட்காமலே நான்கு விஷயங்கள் அவருக்குத் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு வேலை, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும், முடிந்ததும் அடுத்து என்ன.

மருந்துக் கிடங்குக்கே வருவோம். மேசையின் இடப்பக்கம் இன்று பார்க்க வேண்டிய பெட்டிகள். எத்தனை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் சரிபார்க்கும் இடம், எதிரே சுவரில் படிகள்: பெட்டியை எடு, பேட்ச் எண்ணை இன்வாய்ஸில் தேடு, ஒத்திருந்தால் பச்சை டிக், காலாவதி தேதி பார், ஆறு மாதத்துக்குள் என்றால் சிவப்பு ஸ்டிக்கர், வலப்பக்க ரேக்கில் வை. பொருந்தாத பெட்டிகளுக்கு ஒரு மஞ்சள் ட்ரே. இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. முடிந்ததும் டீ, அதன் பிறகு மதிய லிஸ்ட். சூப்பர்வைசர் காலையில் ஒருமுறை வந்து அடுக்கிவிட்டால் மாலைவரை அவரைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இதில் ‘மஞ்சள் ட்ரே’ முக்கியம். சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இடம் வைக்காத ஏற்பாடு உடைந்துபோகும். ஒரு பெட்டியில் எண் அழிந்திருந்தால் அங்கேயே முழு வேலையும் நின்றுவிடும், அவர் பதற்றத்தில் உறைந்துபோவார், பார்ப்பவர்கள் ‘வேலை செய்யாம நிக்கிறான்’ என்பார்கள். ட்ரேயில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று தெரிந்தால் நிற்காது.

அடுத்து சூப்பர்வைசர் பேசும் விதம். நம் ஊர் வேலையிடங்களில் பாதி உத்தரவு சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கும். ‘கொஞ்சம் பார்த்துக்கோப்பா’ என்றால் எதைப் பார்ப்பது? ‘ஃப்ரீயா இருந்தா அதை முடிச்சிடு’ என்றால் நான் ஃப்ரீயாக இல்லை, அதனால் முடிக்கவில்லை என்று நேர்மையாக நினைப்பார். ‘இப்படியா அடுக்கறது?’ என்பது கேள்வி என்று நினைத்து ‘ஆமாம்’ என்று பதில் சொல்வார், அது எதிர்த்துப் பேசியதாகிவிடும். மாற்றிச் சொல்லுங்கள்: "தம்பி, இந்த இருபது பெட்டியையும் 12 மணிக்குள்ள ரேக் மூணுல வைங்க." "தம்பி, லேபிள் வெளிப்பக்கம் தெரியணும். ஒண்ணு நான் வச்சுக் காட்டறேன், பாருங்க." குறையைத் தனியாக அழைத்து, என்ன தவறு, எப்படிச் செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னால் அவர்கள் வருத்தப்படுவதைவிட நிம்மதி அடைவதே அதிகம். ஜாடைப் பேச்சுதான் அவர்களை வாட்டும்.

இந்த மாற்றங்கள் மற்ற ஊழியர்களுக்கும் உதவும். சுவரில் ஒட்டிய படிகளைப் புதிதாகச் சேர்ந்த எல்லோரும் பார்ப்பார்கள்.

படி 6: வேலையைச் சுற்றி இருப்பவை

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறரைப் புரிந்துகொள்ளத் தெரியாது என்பார்கள். தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012-இல் இதைத் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவரைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். அதனால் இளைஞருக்கு மட்டும் ‘சமூகத் திறன் பயிற்சி’ கொடுத்து அனுப்புவது பாதி வேலைதான். உடன் வேலை செய்பவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது மீதிப் பாதி.

வேலையிடத்தில் ஒருவரை அவருக்கென்று அமைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க, மாற்றம் வந்தால் முன்பே சொல்ல, ஒரு அண்ணனோ அக்காவோ. தாமாக முன்வருபவராக இருக்க வேண்டும், மேனேஜர் தலையில் கட்டியவராக இருக்கக் கூடாது. அவர் லீவு போட்டால் யார் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இடைவேளை வேலையைவிடக் கடினமானது. வேலையில் படிகள் உண்டு, டீ நேரத்தில் கிடையாது. கூட்டத்தோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். தனியாக உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக்கொண்டால் அதுதான் அவருக்கு ஓய்வு. மதியம் முழுக்க வேலை ஓடுவது அந்த இருபது நிமிடத்தால்தான். சேர்ந்து உட்கார விரும்புபவர் என்றால், பேச்சைத் தொடங்க ஒன்றிரண்டு வழி கற்றுக்கொடுங்கள்.

மாற்றங்கள் எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது. தீபாவளி சீசன் வரும், ஸ்டாக் எடுக்கும் நாள் வரும், ஆயுத பூஜைக்கு மேசையையே நகர்த்திவிடுவார்கள். முன்கூட்டியே காலண்டரில் குறித்து, என்ன மாறும், என்ன மாறாது, எப்போது பழையபடி ஆகும் என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எல்லா மாற்றத்திலும் ஆபத்தானது சூப்பர்வைசர் மாறுவது. பழையவர் புரிந்துவைத்திருந்தது எல்லாம் அவரோடு போய்விடும். முதல் படியில் எழுதிய தாளின் பிரதி ஒன்றை நிறுவனத்தில் வைத்திருந்து, புதியவர் வந்த முதல் வாரமே நேரில் போய்ப் பேசுங்கள்.

கேலியும் ஏமாற்றும் நடக்கும். சம்பள நாளில் ‘நூறு ரூபாய் கொடுடா, நாளைக்குத் தரேன்’ என்று வாரா வாரம் கேட்பவர்கள் உண்டு. ‘பணம் அம்மாவைக் கேட்டுத்தான் தருவேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும், ஆனால் அதைச் சொல்லிப் பழக்கியிருக்க வேண்டும். பெண்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்: யார் தொடலாம், எங்கே தனியாகப் போகக் கூடாது, பிடிக்காவிட்டால் எப்படி மறுப்பது, யாரிடம் சொல்வது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். இருக்கிறதா, உறுப்பினர் யார் என்று சேரும்போதே கேளுங்கள்.

படி 7: பயிற்சியாளர் மெதுவாக விலகுவது

முதல் வாரங்களில், வேலையிடத்துக்கே கூட வந்து பழக்கும் பயிற்சியாளரோ, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட வீட்டாரோ பக்கத்திலேயே இருக்கலாம். ஆனால் அவர் வேலையைச் செய்துகொடுக்கக் கூடாது. படிகள் எழுதிய தாளைச் சுட்டிக்காட்ட வேண்டும், அவ்வளவே. வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரல் இல்லாமல் வேலை நகராது. பிறகு அறையின் மறுகோடி, பிறகு வெளியே, பிறகு தினம் ஒரு போன், பிறகு வாரம் ஒருமுறை. ஒவ்வொரு கட்டத்திலும் வேலையின் அளவும் தவறும் அப்படியே நிலையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கட்டம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். முழுதாக மறைந்துவிடாதீர்கள். ‘மூணு மாசம் ஆச்சு, செட்டாயிட்டான்’ என்று கோப்பை மூடும் அமைப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. மாதம் ஒரு சந்திப்பு, முதலாளி கூப்பிட ஒரு போன் எண் இரண்டும் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். பிரச்சினை சின்னதாக இருக்கும்போதே முதலாளி கூப்பிட வேண்டும் என்றால், கூப்பிடும் பழக்கம் அவருக்கு முன்பே இருக்க வேண்டும்.

படி 8: புகைய ஆரம்பிக்கும்போதே கவனிப்பது

வேலை திடீரென்று போவதுபோல் தெரியும். வீட்டில் அதற்கு முன்பே அறிகுறி இருந்திருக்கும். ஞாயிறு மாலையிலேயே முகம் மாறும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். சாப்பாடு குறையும், தூக்கம் கெடும். பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் இருக்காது. வேலையிடத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்வார்கள், ஏனென்றால் பலர் எட்டு மணி நேரமும் தன்னை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் வெடிக்கிறார்கள். பெண்களிடம் இது இன்னும் மறைந்திருக்கும்.

அப்போது அறிவுரை வேண்டாம், விசாரணை வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் வேலையிடத்தில் என்ன மாறியது? புது மெஷின், புது வாசனை, புது ஆள், இடம் மாற்றம், ஓவர்டைம்? எப்போது பதற்றம் வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதினால் சில நாளில் காரணம் தெரிந்துவிடும். பல நேரம் தீர்வு சின்னது. மின்விசிறிக்குக் கீழிருந்து நாற்காலியை நகர்த்துவது, ஒரு மாதத்துக்கு நேரத்தைக் குறைப்பது, ஜெனரேட்டர் போடும் முன் ஒருவர் வந்து சொல்வது.

தாங்க முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். எங்கே போய் உட்காரலாம், எந்த அட்டையைக் காட்டினால் சூப்பர்வைசருக்குப் புரியும், யாரைக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் சுற்றி நின்று கேள்வி கேட்கக் கூடாது, தொடக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. இதை ஒழுங்கீனமாக எழுதி மெமோ கொடுத்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். அதனால் முதலாளியிடம் அமைதியான ஒரு நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

படி 9: சட்டமும் காகிதங்களும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்கு அரசு வேலைகளில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனத்தில் சேரும்போது அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இருக்கை, வெளிச்சம், எழுத்துமூல உத்தரவு போன்ற மாற்றங்களைக் கேட்பதற்கு அதுதான் பிடிமானம்.

யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு முதலில் அதை வாங்குங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் அங்கே போகலாம். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கு உதவும். வேலையில் இ.எஸ்.ஐ. பிடித்தால், பொதுவான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. இந்த வித்தியாசம் பல சிறு நிறுவனக் கணக்கர்களுக்குத் தெரிவதில்லை, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சம்பளம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வரட்டும். அதில் ஒரு பகுதியை அவர் விருப்பப்படி செலவு செய்யட்டும். வரைபடப் புத்தகமோ, பிரியாணியோ, பஸ் பொம்மையோ. எதற்காக உழைக்கிறோம் என்பது கைக்குத் தெரியும்போது திங்கட்கிழமை காலை எழுந்திருப்பது சுலபம்.

படி 10: அதே இடத்தில் வளர்வது, இல்லாவிட்டால் நல்லபடியாக விலகுவது

ஒரே வேலையைப் பத்து வருடம் செய்வதில் சந்தோஷப்படுபவர் உண்டு, அவரை விட்டுவிடுங்கள். சலிப்படைபவரும் உண்டு. ‘ஆட்டிசம் இருக்கறவங்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்யறது பிடிக்கும்’ என்று சொல்லி அவருக்குப் புது வேலை தராமலிருப்பது அநியாயம். பழைய பலத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததைச் சேருங்கள். பேட்ச் எண் பார்த்தவருக்குக் காலாவதிப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, பிறகு கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் சரக்கின் கணக்கு. ஒன்று நிலைத்த பிறகு இன்னொன்று. உயர்வு என்று சொல்லி நான்கு பேரை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். சம்பளமும் பதவிப் பெயரும் அது இல்லாமலே உயரலாம்.

எல்லாம் செய்தும் வேலை போகலாம். கம்பெனி மூடலாம், இடம் மாறலாம், ஒத்துவராமலும் போகலாம். அப்படியானால் கடைசி நாளில் முதலாளியிடம் உட்கார்ந்து மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: என்ன வேலை நன்றாகச் செய்தார், எது நின்றுபோகக் காரணமானது, எந்த ஏற்பாடு உதவியது. அனுபவச் சான்றிதழில் ‘உதவியாளர்’ என்று பொதுவாகப் போடாமல் அவர் செய்த வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அவருக்கு என்ன நடந்தது என்பதைப் படமாகவோ எழுத்தாகவோ விளக்குங்கள், இல்லாவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு நிற்பார். தினமும் காலை எழும் நேரம், கிளம்பும் நேரம் இரண்டையும் கலைக்காமல் நூலகத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ போய்வரச் செய்யுங்கள். முதலாளி எழுதித் தந்த மூன்றையும் அந்த ஒரு பக்கத் தாளில் தேதியோடு சேர்த்து, அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டும்போது கையில் எடுத்துப் போங்கள்.